நாற்பத்தெட்டு நாள்

ஜனவரி 6, திங்கள்

ஜவுளிக்கடையில் கொடுத்த டைரி. வருடா வருடம் வாங்கி வந்து பால் கணக்கும் கேஸ் புக் செய்த தேதியும் எழுதுவதோடு சரி. இந்த வருடமாவது ஒழுங்காக எழுதிப் பார்க்கலாம்.

காலை வகுப்பில் புதிதாக ஆறு பேர். மண்டபத்து மாடி ஹாலில் ஒரு ட்யூப்லைட் எரியவில்லை, மேனேஜரிடம் மூன்றாவது முறையாகச் சொன்னேன். புதியவர்களுக்கு வழக்கம்போல என் கதையைச் சொன்னேன். முப்பத்தொரு வயது வரை இந்தக் கோபி ஊரில் என் பெயர் சாரதாமணி இல்லை, 'மூச்சிரைப்புக்காரி'. பெண் பார்க்க வந்த ஐந்து குடும்பத்துக்கும் தெருமுனை தாண்டுவதற்குள் யாராவது விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள், ஆறாவது குடும்பம் வரவே இல்லை. அதற்குப் பிறகுதான் யோகா. இருபத்தொரு வருடமாக மருந்தே தொட்டதில்லை. இதைச் சொல்லி முடித்ததும் ஒரு நீண்ட மூச்சை உள்ளே இழுத்து, நிறுத்தி, சத்தமில்லாமல் வெளியே விட்டுக் காட்டுவேன். எல்லோரும் என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மாலையில் பஸ் ஏறி சத்தியமங்கலம் மருந்துக் கடைக்குப் போய் வந்தேன். இங்கே இருக்கிற கடைக்காரர்கள் எல்லோருக்கும் என்னைத் தெரியும்.

ஜனவரி 22, புதன்

பனி. பதினான்கு பேர்தான் வந்தார்கள்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு பரிமளம் மட்டும் யோகா மேட்டைச் சுருட்டிக்கொண்டே நின்றாள். போஸ்ட் ஆபீஸ் கவுண்ட்டரில் இருக்கிற பரிமளம். நான்கு வருடமாக வருகிறாள், ஒரு நாள்கூட அஞ்சே முக்காலுக்குப் பிந்தியதில்லை. நாற்பத்து மூன்று வயதில் அவள் சர்வாங்காசனத்தில் நின்றால் கால் கட்டைவிரல்கூட ஆடாது. என்னிடம் படித்தவர்களில் அவளைப் போல இன்னொருத்தி கிடையாது.

"அக்கா, கொஞ்சம் பேசோணும்" என்றாள். ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்து இடது மார்பின் ஓரத்தில் வைத்தாள். புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று இருந்தது. அசையவில்லை.

"வலி இல்லீங்க்கா. ஆனா எங்கம்மாவுக்கும் இதே மாதிரிதான் ஆரம்பிச்சுது. ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. முடியெல்லாம் கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, எட்டே மாசம். நான்தான் கூடவே இருந்து பாத்தனுங்க்கா. என்னால அங்க போக முடியாது."

அழுதாள். தைரியம் சொன்னேன். சொல்ல வேண்டியதைச் சொல்லி அனுப்பினேன்.

பன்னிரண்டு மேட்டுகளைத் துவைத்து மொட்டை மாடியில் காயப் போட்டேன். சாயம் போகிறது. நல்ல மேட்டாக வாங்கியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 3, திங்கள்

பரிமளத்துக்குத் தனியாக மூச்சுப் பயிற்சி, நாடி சுத்தியும் பிராமரியும், சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். காலையில் வகுப்புக்கு முன்னால் இருபது நிமிடம். முகத்தில் தெளிவு வந்திருக்கிறது. "தூக்கம் நல்லா வருதுங்க்கா" என்கிறாள். வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டாளாம்.

மார்ச் 11, செவ்வாய்

பரிமளம் பயிற்சி தொடங்கி இன்றோடு நாற்பத்தெட்டு நாள். தொட்டுப் பார்க்கச் சொன்னாள். கொஞ்சம் சின்னதாக ஆன மாதிரித்தான் எனக்குப் பட்டது. அவளும் அப்படித்தான் சொன்னாள். இன்னொரு மண்டலம் பார்க்கலாம் என்று அவளே சொன்னாள்.

அவளே சொன்னாள் என்பதை எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 24, வியாழன்

வெயில் தாங்கவில்லை. நகராட்சியிலிருந்து ஆள் வந்திருந்தார். ஜூன் இருபத்தொன்று யோகா தினத்துக்குப் பள்ளி மைதானத்தில் நம் வகுப்புதான் மேடையில் செய்து காட்ட வேண்டுமாம். இதுவரை ஈரோட்டிலிருந்து ஆட்களைக் கூட்டி வருவார்கள், இந்தத் தடவை என்னைக் கேட்டிருக்கிறார்கள். 'திருமதி சாரதாமணி' என்று கடிதத்தில் போட்டிருந்தது. திருத்தவில்லை.

மேடையில் நடுவில் நிற்கப் போவது பரிமளம். அவளிடம் சொன்னபோது, "செய்யறனுங்க்கா" என்றாள்.

மே 19, திங்கள்

ஒத்திகை. பரிமளத்தால் இடது கையைத் தலைக்கு மேல் முழுதாகத் தூக்க முடியவில்லை. தோள்பட்டை பிடித்திருக்கிறது என்றாள், கவுண்ட்டரில் நாள் முழுக்க முத்திரை குத்துகிற கை. கையைத் தூக்க வேண்டியிராத ஆசனங்களாக வரிசையை மாற்றி அமைத்தேன். வஜ்ராசனம், பச்சிமோத்தானாசனம், கடைசியில் பத்மாசனத்தில் பிராமரி. இந்த வரிசையும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

அக்குளில் ஏதோ தட்டுப்படுகிறது என்றாள். தினம் வேர்க்கிற காலம், வேர்க்கட்டியாக இருக்கும்.

ஜூன் 21, சனி

நானூறு பேர் இருக்கும். பள்ளிப் பிள்ளைகள், போலீஸ்காரர்கள், ஊர்ப் பெரிய மனிதர்கள். மைக் இரண்டு தடவை கரகரத்தது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. பரிமளம் பச்சைக் கரை போட்ட வெள்ளைச் சுடிதாரில் நடுவில் இருந்தாள். அவள் முன்னால் குனிந்து நெற்றி முழங்காலைத் தொட்டபோது மைதானமே கை தட்டியது. எனக்குச் சால்வை போர்த்தினார்கள். பேசச் சொன்னார்கள். என் மூச்சிரைப்புக் கதையைச் சொன்னேன். மறுபடியும் கை தட்டினார்கள்.

இறங்கி வரும்போது பரிமளம் மேடைப் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. "இடுப்பு எலும்புக்குள்ள யாரோ குத்தற மாதிரி இருக்குதுங்க்கா." அவள் வீட்டுக்காரர் தண்டபாணி ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். ஓடி வந்து தாங்கிப் பிடித்தார். "அக்கா, இவ நாலஞ்சு மாசமா இளைச்சுட்டே போறா. யோகாவுல இளைக்கறதுன்னு சொல்றா. அப்படித்தானுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

தலையை ஆட்டினேன்.

ஜூலை 2, புதன்

பரிமளம் எட்டு நாளாக வகுப்புக்கு வரவில்லை. போன் எடுக்கவில்லை. காய்ச்சலாக இருக்கும்.

ஜூலை 9, புதன்

தண்டபாணி போன் செய்தார். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இருந்து. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நாலாவது கட்டம். எலும்புக்கும் ஈரலுக்கும் போய்விட்டது.

"ஆறு மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா வேற பேச்சுன்னு டாக்டர் சொல்றாருங்க்கா. இவ யாருகிட்டயுமே சொல்லலியாமுங்க. பயத்துல மறைச்சுட்டேன்னு அழுவறா. உங்களுக்காச்சும் தெரியுங்களா?"

தெரியாது என்றேன்.

ஜூலை 10, வியாழன்

இன்று வகுப்பு எடுக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 22-ம் தேதிப் பக்கத்தை எடுத்துப் படித்தேன். 'சொல்ல வேண்டியதைச் சொல்லி அனுப்பினேன்' என்று எழுதியிருக்கிறேன். என்ன சொன்னேன் என்று எழுதவில்லை. இதை வேறு யாரும் படிக்கப் போவதில்லை, அப்படியும் எழுதவில்லை.

இப்போது எழுதுகிறேன். அவள் என் கையை எடுத்து அங்கே வைத்தபோது எனக்குப் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போ என்றுதான் வாயில் வந்தது. ஆனால் அவள் என்னால்தான் முடியும் என்று நம்புகிறவள் போல என்னைப் பார்த்தாள். இந்த ஊரில் என்னை அப்படிப் பார்க்கிறவர்கள் யாரும் கிடையாது. நான் சொன்னது இதுதான்: "இதெல்லாம் ரத்தம் கட்டிக்கறதுதான். மூச்சு ஒழுங்கா ஓடினா கரையும். ஒரு மண்டலம் நாடி சுத்தி செய். நாற்பத்தெட்டு நாள். அப்புறமும் இருந்தா டாக்டர்கிட்டப் போலாம். என் மூச்சிரைப்பு கரையலியா? யாருகிட்டயும் சொல்லாத, நாலு பேர் நாலு விதமாப் பேசி உன் மனசைக் கெடுத்துருவாங்க."

யாரிடமும் சொல்லாதே என்றதும் நான்தான்.

நாற்பத்தெட்டாம் நாள் அது சின்னதாக ஆகியிருக்கவில்லை. பெரிதாகியிருந்தது. என் விரலுக்குத் தெரிந்தது.

ஜூலை 28, திங்கள்

இன்றுதான் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்து நான்கு நாள் ஆகிறது. மருந்து ஏற்றுகிறார்கள், மூன்று வாரத்துக்கு ஒரு முறை. குணமாக்க அல்ல, கொஞ்ச நாள் தள்ளிப்போட என்று டாக்டர் சொன்னாராம்.

முன்னறையில் கட்டில். பரிமளம் என்னைப் பார்த்ததும் சிரித்தாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள். தண்டபாணி காபி போடப் போனார். அவர் உள்ளே போனதும் என் மணிக்கட்டைப் பிடித்து, "அக்கா, நான் யாருகிட்டயும் எதுவும் சொல்லலீங்க. நீங்களும் சொல்லிப்போடாதீங்க" என்றாள் மெதுவாக.

நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும். காபியைக் குடித்தேன்.

வாசல் வரை மகள் மிருதுளா வந்தாள். பிளஸ் டூ படிக்கிறாள், அம்மாவின் அதே நெற்றி. "டீச்சர், அம்மா உங்ககிட்ட எப்பங்க மொதல்ல சொன்னாங்க?"

"எனக்கே ஜூலைலதான் தெரியும் கண்ணு."

நான் செருப்பு மாட்டி முடிக்கும் வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

தினமும் பத்து மணிக்குப் போகிறேன். தண்டபாணி காலை டிரிப் முடித்து வேனை நிறுத்திவிட்டு வந்து குளிக்கிற நேரம் அது. வலிக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், அது ஏறுவதற்குள் அவள் படுகிற பாடு பார்க்க முடியவில்லை. இடுப்பு எலும்பில் வருகிறது. உதட்டைக் கடித்துக்கொண்டு கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்கிறாள்.

ஆசனம் எதுவும் இல்லை. அவள் வயிற்றின்மேல் என் கையை வைக்கிறேன். மூச்சு உள்ளே போவதை எண்ண வேண்டாம், வெளியே வருவதை மட்டும் எண்ணு என்கிறேன். நாலு. பிறகு ஐந்து. ஏழு வரை போனால் தாடை இறுக்கம் விடுகிறது. பிறகு இருவரும் சேர்ந்து பிராமரி. வாயை மூடி ம் என்று வண்டு போல இழுப்பது. அவள் குரல் நூல் மாதிரி ஆகிவிட்டது, இருந்தாலும் என் குரலோடு வந்து சேர்ந்துகொள்கிறது.

"இந்தச் சத்தம் நெஞ்சுல ஓடறப்ப வலி அடுத்த ரூமுக்குப் போன மாதிரி இருக்குதுங்க்கா. போகல. கதவுக்கு அந்தாண்ட நிக்குது. ஆனா அந்தாண்டதான் நிக்குது."

இருபத்தொரு வருடம் நான் சொல்லிக் கொடுத்ததில் பொய் கலக்காத ஒன்று இதுதான். இதை மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

வெளியே வரும்போது தண்டபாணி கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க வந்துட்டுப் போனாத்தான் அவ கண்ணசருறாங்க்கா. உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியல." ஈரத் தலையோடு, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார்.

செப்டம்பர் 5, வெள்ளி

காலை வகுப்பு இருபத்தொரு பேர். யோகா தினத்துக்குப் பிறகு கூட்டம் கூடியிருக்கிறது. புதியவர்கள் என் கதையைக் கேட்டார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லித் தள்ளிவிட்டேன். பழைய மாணவி தமயந்தி, பாத்திரக் கடைக்காரர் மனைவி, எனக்குப் பதிலாக அவளே எழுந்து சொன்னாள். நான் சொல்வதைவிட நன்றாகச் சொன்னாள். ஆறாவது குடும்பத்தையும் ஏழாவது குடும்பத்தையும்கூடச் சேர்த்துக்கொண்டாள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

மழை. பரிமளம் இன்று தெளிவாக இருந்தாள். ஜன்னலோரம் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார வைத்தேன். வீட்டில் யாரும் இல்லை. இன்றே சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வாரமாக மனதில் வைத்திருந்தேன்.

"பரிமளம், எனக்கு மூச்சிரைப்பு போகல. குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். பனிக்காலத்துல தினமும் மருந்து உறிஞ்சறேன். சத்தியமங்கலம் போய் வாங்கறேன். இருபத்தொரு வருஷமா எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன். உன்கிட்டயும்."

அவள் மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தெரியுமுங்க்கா" என்றாள்.

"எப்ப?"

"ரெண்டு வருசம் இருக்கும். உங்க பை சரிஞ்சு உருண்டு வந்துச்சு அந்த நீலக் குப்பி. நான்தான் எடுத்து உள்ள வெச்சேன். நீங்க கவனிக்கலீங்க."

"தெரிஞ்சுமா நான் சொன்னதை நம்பினே?"

"நம்பலீங்க்கா. எனக்கு அது வேணும்னு இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம்னு யாராச்சும் சொல்லோணும். சொல்றவங்க தைரியமாச் சொல்லோணும். உங்களாட்டத் தைரியமா ஆரு சொல்லுவாங்க?" சிரிக்க முயன்று இருமினாள். முதுகை நீவிவிட்டேன். முதுகெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கைக்குத் தட்டுப்பட்டது. "உங்க மேல மட்டும் தப்புன்னு நான் நினைக்கல. ஆனா உங்க மேல இல்லைன்னும் நினைக்கலீங்க்கா. பொய் சொல்லறதுக்கு இப்ப எனக்குத் தெம்பில்லை."

பிராமரி செய்யலாமா என்று அவள்தான் கேட்டாள்.

அக்டோபர் 16, வியாழன்

மருந்து ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். உடம்பு தாங்காதாம். வலிக்கு மட்டும் கொடுக்கிறார்கள்.

தீபாவளிக்கு மிருதுளாவுக்குப் பச்சை தாவணி எடுக்க வேண்டும் என்று பரிமளம் என்னிடம் சொன்னாள். தண்டபாணிக்கு நிறம் பார்க்கத் தெரியாதாம். நான் போய் எடுத்து வந்து காட்டினேன். துணியை விரலால் தேய்த்துப் பார்த்து, "கொஞ்சம் கெட்டியாத்தான் இருக்குது, பரவால்லீங்க" என்றாள். போஸ்ட் ஆபீஸில் பார்சலைத் திருப்பிப் பார்க்கிற அதே முகம்.

அக்டோபர் 30, வியாழன்

மூச்சு ஏழுவரை போவதில்லை. மூன்று. சில நேரம் இரண்டு.

நவம்பர் 4, செவ்வாய்

காலை பத்தே காலுக்குப் பரிமளம் போய்விட்டாள். என் கை அவள் வயிற்றின்மேல் இருந்தது. வெளிமூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று என்றேன். இரண்டு என்று சொல்லக் காத்திருந்தேன். தண்டபாணி குளியலறையிலிருந்து வந்து நிற்கும் வரை காத்திருந்தேன்.

நவம்பர் 5, புதன்

எரித்துவிட்டு வந்தார்கள். போஸ்ட் ஆபீஸிலிருந்து மாலை வந்திருந்தது. வகுப்புப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். "கடைசி வரைக்கும் டீச்சர் கூடவே இருந்தாங்க" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். என் காதுபடவே சொன்னார்கள்.

நவம்பர் 21, வெள்ளி

நேற்று கருமாதி முடிந்தது. உறவுக்காரர்கள் எல்லோரும் கிளம்பியிருப்பார்கள் என்று கணக்குப் பண்ணி இன்று பத்து மணிக்குப் போனேன். கட்டிலை எடுத்துவிட்டிருந்தார்கள். தரையில் நான்கு கால் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. தண்டபாணி நாற்காலி எடுத்துப் போட்டார். மிருதுளா பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். ஜனவரியில் அவள் என்னிடம்தான் முதலில் காட்டினாள், ஆஸ்பத்திரி வேண்டாம் என்றது நான்தான், யாரிடமும் சொல்லாதே என்றதும் நான்தான், இரண்டு மண்டலம் தாண்டி ஜூன் வரை இழுத்ததும் நான்தான். எனக்குத் தெரியாது என்று உங்களிடம் சொன்னது பொய். குரல் நடுங்கவில்லை. ஒத்திகை பார்த்துவிட்டுப் போயிருந்தேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்:

"தெரியுமுங்க்கா. ஆகஸ்ட் மாசமே அவ சொல்லிட்டா. உங்களை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதுன்னு கையடிச்சுச் சத்தியம் வாங்கிட்டா."

ஆகஸ்ட். அவர் கையெடுத்துக் கும்பிட்டது, அக்கா என்றது. எல்லாம் தெரிந்தே.

"அப்ப ஏன் என்னை உள்ள விட்டீங்க?"

"நீங்க வந்து உக்காந்தா அரை மணி நேரம் அவ கத்தமாட்டா. எந்த மாத்திரைக்கும் அப்படி நிக்கலீங்க. நான் என்ன பண்றதுங்க? நானும் அந்த ம்முன்னு பண்றதைப் பழகிப் பாத்தேன். எனக்கு வரல. குளிக்கப் போறேன்னு போயி தண்ணியத் திறந்து விட்டுட்டு உள்ளயே நிப்பனுங்க. உங்களை வெட்டிப் போடோணும்னு இருக்கும். அப்புறம் உங்க ரெண்டு பேர் சத்தமும் கேக்கும். கொஞ்ச நேரத்துல அவ தூங்கிருப்பா. வெளிய வந்து உங்களைக் கும்பிடுவேன்."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மிருதுளாகிட்டயும் சொல்லிடறேன்" என்றேன்.

அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார். "வேண்டாம். பாப்பாவுக்குத் தெரிய வேண்டாமுங்க. நீங்க சொல்லி லேசாயிக்குவீங்க. அப்புறம் அதை அவ தூக்கிச் சுமக்கோணும். அம்மா தெரிஞ்சே நம்மளை ஏமாத்திட்டாளேன்னு நினைப்பா. அது வேண்டாம். நீங்களே வெச்சுக்குங்க."

சரி என்றேன்.

"இனி வராதீங்க்கா. அந்த அரை மணி நேரம் இனித் தேவையில்லீங்க."

நாற்காலியை மடக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். நான் வந்துவிட்டேன்.

நவம்பர் 22, சனி

காலையில் மூச்சிரைப்பு. மருந்து இரண்டு தடவை. இந்த ஊர்க் கடையிலேயே வாங்கினேன். கடைக்காரப் பெண் என்னையும் குப்பியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யாருக்குங்க டீச்சர்?" என்றாள். எனக்குத்தான் என்றேன்.

நவம்பர் 24, திங்கள்

வகுப்பில் சொன்னேன். பத்தொன்பது பேர். சவாசனத்திலிருந்து எழுந்து எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது எழுந்து நின்று சொன்னேன். எனக்கு மூச்சிரைப்பு குணமாகவில்லை, மருந்து எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். யோகா வியாதியைக் கரைக்கும் என்று நான் சொன்னதெல்லாம் தப்பு. உடம்பில் எது என்றாலும் முதலில் டாக்டர். இங்கே மூச்சை மட்டும்தான் பழகலாம். பரிமளத்தின் பேரை எடுக்கவில்லை, எடுக்க எனக்கு உரிமை இல்லை.

யாரும் கோபப்படவில்லை. ஒருத்தி கண் கலங்கினாள். "பரிமளம் அக்கா போனதுல இருந்து டீச்சர் மனசு உடைஞ்சு போயிட்டாங்க" என்றாள். இன்னொருத்தி, "தன்னடக்கமுங்க. பெரியவங்க அப்படித்தான் பேசுவாங்க" என்றாள். குப்பியை எடுத்துக் காட்டினேன். கை நீட்டி வாங்கிப் பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

படியிறங்கும்போது தமயந்தி பின்னாலேயே வந்தாள். முகம் உப்பியிருந்தது. கொஞ்ச நாளாகவே குரலும் கட்டியிருக்கிறது. "டீச்சர், நீங்க என்னதான் சொல்லுங்க, எனக்கு நம்பிக்கை போகாது. தைராய்டு மாத்திரைய நிறுத்தி நாலு மாசம் ஆச்சுங்க. நீங்க சொல்லாமயே நிறுத்திட்டேன். தினமும் சர்வாங்காசனம் பண்ணறேன், தொண்டையிலயே மனசை வெச்சு."

சந்தோஷமாகச் சொன்னாள். பரிசு வாங்க வந்த பிள்ளை மாதிரி.

நவம்பர் 27, வியாழன்

தமயந்தியை ஆஸ்பத்திரிக்கு வா என்று மூன்று நாளாகக் கூப்பிடுகிறேன். இன்று வகுப்பில் எல்லோர் முன்னாலும், மாத்திரை சாப்பிடாமல் இனி இங்கே வரக்கூடாது என்றேன். அவள் மேட்டைச் சுருட்டினாள்.

"நீங்கதானே நம்ப வெச்சீங்க? இப்ப நீங்களே வந்து அது பொய்யின்னா நான் எதைங்க பிடிச்சுக்கறது?"

அவளோடு நான்கு பேர் எழுந்து போனார்கள்.

டிசம்பர் 1, திங்கள்

தமயந்தி வீட்டுக்குப் போனேன். வீட்டில் இல்லை என்று அவள் மாமியார் சொன்னார். உள்ளே அவள் குரல் கேட்டது. பாத்திரக் கடைக்குப் போய் வீட்டுக்காரரிடம் சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "அவ சொன்னாக் கேக்கமாட்டாங்க. பாக்கறேன்" என்றார்.

வகுப்புக்கு ஒன்பது பேர். மண்டபத்துக்காரர் ஹாலைக் காலையில் வேறு யாரோ கேட்கிறார்கள் என்கிறார்.

டிசம்பர் 2, செவ்வாய்

மறுபடி போனேன். கதவு திறக்கவில்லை. வெளியே நின்று, "தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான் தமயந்தி" என்று சத்தமாகச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டிசம்பர் 4, வியாழன்

இன்று நான் கதவைத் தட்டுவதற்கு முன்பே தமயந்தி திறந்தாள். ஒரு ஆள் நுழைய முடியாத அளவுக்குத் திறந்துவிட்டு அந்த இடுக்கில் நின்றாள். மாத்திரை டப்பாவைக் கையில் வைத்திருந்தாள். என் கண் முன்னாலேயே ஒன்றை எடுத்து வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்டினாள்.

"நேத்து ரத்தம் குடுத்துப் பாத்தாச்சு. மாத்திரைய நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் திட்டினாரு. போதுமுங்களா? இனி இந்த வீட்டுப் பக்கம் வராதீங்க."

கதவைச் சாத்தினாள். தாழ் போடுகிற சத்தம் கேட்டது.

படியிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வீட்டுக்கு வந்து சோறு வைத்து, சாப்பிட்டு, இதை எழுதுகிறேன். இந்த ஊரில் நான் போகக்கூடாத வீடு இப்போது இரண்டு. ஒன்றில் ஆள் உயிரோடு இருக்கிறாள்.